ஒன்ஸ் மோர் கேட்டார்கள், கொடுத்தேன்

போன வருஷம் ஆடி மாதம், எடமலைப்பட்டி புதூர் பக்கம் ஒரு தெருவில் அம்மன் கோயில் திருவிழா. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். மேடையில் என் கச்சேரி. அப்போதுதான் தனிக்குழு ஆரம்பித்திருந்தேன்.

அதற்கு முன் பல வருஷம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசித்தேன். குச்சியால் அடிக்கிற எலெக்ட்ரானிக் டிரம்தான் அது. திருச்சி வட்டாரத்தில் திருவிழா என்றால் முதலில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பார். மாஸ்டர் என்போம். அவரிடம் ஒரு பழக்கம். மேடைக்குக் கீழே ஆட்டம் சூடுபிடித்து விசில் பறக்கிற நேரம் பார்த்து, என் பக்கம் திரும்பிக் கையை மூடிக் காட்டுவார். நான் அடியைக் குறைக்க வேண்டும். உடனே ஒரு சாமி பாட்டு, இல்லாவிட்டால் மெலடி. ஒன்ஸ் மோர் கேட்டால் கொடுக்கவே மாட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உறையூரில் ஒரு ரிசப்ஷனில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். "என் மேல உங்களுக்குப் பொறாமை மாஸ்டர். கூட்டம் என் அடிக்குத்தான் வருது."

"பேடையே பாக்காதடா. கீழ பாத்து வாசி" என்றார். அவ்வளவுதான். அதோடு குழுவை விட்டேன்.

புதூரில் அன்று இரண்டு கோஷ்டி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கோஷ்டி, "அண்ணே, ஒன்ஸ் மோர்!" என்றது. கொடுத்தேன். இன்னொரு கோஷ்டி, "எங்க பாட்டு என்னாச்சு? அவனுங்க என்ன உங்க மாமன் மச்சானா?" என்று கத்தியது. அதையும் கொடுத்தேன், இன்னும் வேகமாக. தலை நிமிரவே இல்லை. தடுக்க ஆள் இல்லை என்ற சந்தோஷம்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து வந்து பேட் மேல் விழுந்தபோதுதான் நிமிர்ந்தேன். யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் கீபோர்டுக்காரர் பின்பக்கமாகக் குதித்து ஓடிவிட்டார். அன்றைய கச்சேரிக்கு மட்டும் வந்தவர், அவரை என்ன சொல்வது? யாரோ கரண்டை நிறுத்தினார்கள். இருட்டு. பாட்டு நின்ற பிறகுதான் கீழே எவ்வளவு அலறல் என்று காதில் விழுந்தது.

பாட வந்த பெண் என் சட்டையைப் பிடித்தாள். கே.கே. நகரில் ஸ்கூல் டீச்சர். எந்தக் கச்சேரிக்கும் துணைக்கு அம்மாவைக் கூட்டி வருவாள். "அண்ணா, அம்மா முன்வரிசையில இருக்காங்கண்ணா. முட்டி வலி, அவங்களால ஓட முடியாது."

நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா மிதிபட்டுச் செத்துப் போனால் கொன்றது நான்தான். மண்டைக்குள் அது ஒன்றுதான் ஓடியது. அந்தப் பெண் என் சட்டையை விட்டுவிட்டு, தானே இருட்டில் குதித்தாள். "அம்மா! அம்மா!" என்று கத்துவது கேட்டது. பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் குரலும் கேட்கவில்லை.

போலீஸ் வந்து, லைட் எரிந்த பிறகுதான் இறங்கினேன். எதிர்வீட்டு வாசலில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். அந்தத் தெருப் பெண்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நெற்றியில் ரத்தம். மகள் முந்தானையால் அழுத்திப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தம்மா மட்டும் பேசினார். "நல்லாத்தான் அடிச்சீங்க தம்பி. நிறுத்தத் தெரியாதா?"

அடுத்த வாரம் ஸ்ரீரங்கம் போனேன். மாஸ்டர் வீட்டில் ஒத்திகை. பேட் முன்னால் வேறொருவர். வாடா போடா என்றே என்னைக் கூப்பிட்ட மனிதர் எழுந்து வந்து, "வாங்க, உட்காருங்க. காபி சாப்பிடுறீங்களா?" என்றார். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம். காபியைக் குடித்துவிட்டு, மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன்.

இப்போது எந்தக் குழு கூப்பிட்டாலும் போய் வாசிக்கிறேன். விசில் பறந்தால் தலையை நிமிர்த்திக் கீழே பார்க்கிறேன். முன்வரிசையில் ஓட முடியாதவர் யார் என்றுதான் கண் தேடுகிறது. இந்தப் பயத்தை அத்தனை வருஷமும் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து மாஸ்டர் ஒருவரே பட்டுக்கொண்டிருந்தார். நான் அதற்குப் பொறாமை என்று பெயர் வைத்துவிட்டு வந்தேன்.