நுனி ஒடிந்த காய்கள்

நடந்தவை:

1. முன்வாசல் கேட்டை ஒட்டி எட்டு சிவப்பு வெண்டை விதைகளை ஊன்றினேன். சமைக்க அல்ல. அந்த மஞ்சள் பூவை வேலைக்குக் கிளம்பும்போது தினமும் பார்க்க.
2. எங்கள் வீட்டு போர்வெல்லின் உப்புத் தண்ணீரை ஊற்றினேன். ஏழு செடிகள் இலை ஓரத்திலிருந்து கருகிச் செத்தன.
3. எட்டாவது என் தோளுயரம் வளர்ந்து பூத்தது.
4. அதன் முதல் நான்கு காய்களை விதைக்கென்று விட்டு, காம்புகளில் எண் எழுதிய சீட்டு கட்டினேன்.
5. கணியம்பாடியிலிருந்து அத்தை வந்தார். நான்கின் நுனியையும் ஒடித்தார்.

எங்கள் பக்கத்தில் வெண்டைக்காயைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. நுனி பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். சந்தையில் காய்க்காரர் திட்டத் திட்ட ஒடிப்பார்கள். அத்தை செருப்பைக் கழற்றும் முன்பே ஒடித்துவிட்டார். ஒடிந்த இடத்தில் புழு இறங்கி, ஒரே வாரத்தில் நான்கும் அழுகின.

கேட்டதற்கு அத்தை அசரவில்லை. “பூவுக்கு யாராச்சும் வெண்டக்கா வைப்பாங்களாடி? நம்பர் போட்டு வச்சா முத்தாம இருக்குமா இன்னா?”

அம்மா சிரித்தார். கடையில் பாக்கெட் விதை கிடைக்குமே என்றார். அதே பாக்கெட்டில் ஏழு செத்து, இது ஒன்றுதான் நம் தண்ணீரைத் தாங்கியது, எனக்கு இதன் விதைதான் வேண்டும் என்றேன்.

“நம்ம தண்ணி அப்படித்தான். அதுக்கு யார் இன்னா பண்றது?” என்றார் அம்மா.

அத்தையின் விரல்மேல் இருந்த கோபம் இந்தப் பேச்சின்மேல் திரும்பியது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் ஆய்வகத்தில் நாள் முழுக்க உப்பு அளக்கிறேன். வீட்டுத் தண்ணீரையும் அளந்து, அதே உப்பு இதிலும் இருக்கிறது என்று சொன்னேன். அம்மா குடிக்க மட்டும் கேன் வாங்கத் தொடங்கினார், அவ்வளவுதான். குழாயில் வெள்ளையாய்ப் படிந்தால் அப்படித்தான். பருப்பு வேகாவிட்டால் அப்படித்தான். அதில் பிழைத்துப் பூத்த ஒரே செடியின் விதை போனாலும் அப்படித்தானாம்.

அடுத்து ஐந்தாவது காய் விரல் நீளம் வந்தது. புழு இருக்கிறதா என்று பார்க்கப் பிடித்தேன். கட்டைவிரல் தானாக அழுத்தியது. பட்டென்று ஒடிந்தது. பிஞ்சு.

வாசற்படியிலிருந்து அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் நன்றாகத் திட்டியிருப்பேன். கையிலிருந்த நுனியைத் தெருவில் எறிந்துவிட்டு உள்ளே போய், பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன். அதுவும் அந்தத் தண்ணீரில்தான்.

இப்போது ஆறாவது காயின்மேல் பழைய வடிதுணியில் தைத்த பை இருக்கிறது. சீட்டில் எண் இல்லை, ‘விதைக்கு’ என்று எழுதியிருக்கிறேன். காய் இன்னும் காயவில்லை. அத்தை இன்னும் ஊருக்குப் போகவில்லை. செடிக்கு அதே போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.