திறந்த கை மூடியதா?

அன்று கிருஷ்ணகிரி கோர்ட்டில் என் நாத்தனாரின் கை திறந்த பிறகு மறுபடி மூடியதா? பார்த்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். நான் பார்க்கவில்லை.

அவள் என் கணவரின் தங்கை. பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடம் போனதில்லை. உத்தனப்பள்ளியில் எங்கள் மாட்டுக் கொட்டகையில்தான் அவளுடைய கைப்பேச்சு உண்டாயிற்று. கன்றை ஊட்ட விடு என்பதற்கு மூடிய கையைத் திறப்பாள். மடி சுரந்ததும் பிடித்துக் கட்டு என்பதற்குத் திறந்த கையை மூடி நெஞ்சோடு சேர்ப்பாள். நாளடைவில் அண்டை வீட்டுக்கு முறம் கொடுப்பதும் அவளுக்கு அப்படியே ஆயிற்று. கை திறந்து மூடினால், கொடுத்திருக்கிறேன், திரும்பி வரவேண்டும். திறந்தபடியே நின்றால், போனது போனதுதான். வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு வருஷத்தில் இதை நான் கற்றுக்கொண்டேன்.

அவளைக் கொடுத்தது பாகலூரில். புருஷன் இன்னொருத்தியைக் கொண்டுவந்ததும் மூன்று வயது மகளோடு எங்களிடம் வந்துவிட்டாள். ஒரு நாள் நாங்கள் களையெடுக்கப் போயிருந்தபோது அவன் வந்திருக்கிறான். வீட்டில் அவளும் குழந்தையும் மட்டும். தேர் வடம் இழுப்பதுபோல் செய்து காட்டினானாம். திருவிழாதானே என்று அவளும் மகளுக்குப் புதுப் பாவாடை கட்டி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு குழந்தை வரவில்லை. குழந்தையைக் கேட்டு அவள் பேரில் வழக்குப் போட்டோம். பெற்றவளே வேண்டாமென்று தள்ளிவிட்டாள் என்று அவன் கோர்ட்டில் சொன்னான்.

அவள் கையைச் சொல்லாக்க அங்கே சர்க்கார் ஆள் யாரும் இல்லை. எட்டாவது படித்தவள் என்று என்னை நிறுத்தி, சத்தியம் வாங்கினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"கை நாத்தனாரோடது, வாய் அண்ணிக்காரியோடது. நான் எதைங்க குறுக்கு விசாரணை பண்றது?"

சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "அவங்க காட்டறதை மட்டும் சொல்லும்மா. உம் பங்குக்கு எதையும் சேக்கக் கூடாது" என்றார்.

குழந்தையை நீயாகத்தான் அனுப்பினாயா என்பது கேள்வி. அதை நான் கையால் கேட்டேன். அவள் மூடிய கையைத் திறந்தாள். அந்த நொடியில் வராந்தாவில் என் கணவர் தோளில் இருந்த எங்கள் ஏழு மாதக் குழந்தை வீறிட்டது. திரும்பிப் பார்த்துவிட்டேன். மறுபடி அவள் பக்கம் திரும்பியபோது அவள் கை சாட்சிக் கூண்டுக் கட்டையின்மேல் இருந்தது.

இன்னொரு தரம் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்வார்களோ என்று பயந்தேன். காணாததைக் கண்டதாகச் சொல்லவும் நா எழவில்லை. கண்டதை மட்டும் சொன்னேன்.

"விட்டுட்டேன்னு சொல்றாங்க."

வெள்ளைக்காரன் போன பிறகும் கோர்ட்டில் எழுதுவது இங்கிலீஷில்தான். என் வார்த்தை அதில் 'தானாகவே கைவிட்டாள்' என்று ஏறியிருப்பதாக எங்கள் வக்கீல் பிறகு சொன்னார். அடுத்த வாய்தா வரை குழந்தை தகப்பனிடமே இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

பஸ்ஸில் ராயக்கோட்டை தாண்டும்வரை அவள் என் முகத்தைப் பார்த்துக் கையைத் திறந்து மூடிக்கொண்டே வந்தாள். குழந்தை எப்போது வரும் என்று கேட்கிறாள். நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியாது. நல்லபடியாகச் சொல்லியிருப்பேன் என்று நம்பி, மறுநாள் என் குழந்தையைத் தானே வாங்கிக் குளிப்பாட்டினாள். அவள் மடியில் அது சிரித்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

வக்கீலிடம் உள்ளதைச் சொன்னேன். "இப்பப் போயி பாக்கலைன்னு சொன்னா, நீ சொன்ன மத்ததும் சேந்து போயிரும்மா. உன்ன விட்டா அவளுக்கு வேற வாய் ஏது?" என்றார். வாயை மூடிக்கொண்டிரு என்கிறார் கணவர். மூடியிருந்தால் அந்த வார்த்தை அங்கேயே நிற்கும். திறந்தால் அவளுக்கு இருக்கிற ஒரே வாயும் போகும்.

தை மாதம் வாய்தா. இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் சட்டம் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். சொந்தக்காரி அல்லாத, கைப்பேச்சு தெரிந்த ஒருவரை நிறுத்தும்படி கோர்ட்டைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டா? எங்கோ பட்டணத்திலிருந்து வருகிறவருக்கு எங்கள் கொட்டகைப் பேச்சு புரியுமா? அதற்கு முன் நான் என் தவறை நீதிபதியிடம் சொல்லலாமா, கூடாதா? சட்டம் தெரியாவிட்டாலும், குழந்தை பெற்றவர்கள் எழுதுங்கள்.