கப்பலில் நடு அறை

எனக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. கணக்கு இடிக்கிறதா? ஐந்தாவது, என் நாத்தனார் செல்லத்தின் மகள் தேவி. கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் செல்லம். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே அடுப்பு, ஒரே வெற்றிலைப் பெட்டி. சண்டையும் ஒன்றுதான். அது மட்டும் இன்னும் முடியவில்லை.

ஒரு வீட்டுக்குள் காலை வைத்தால் போதும்... வாசல் எப்படி, காற்று எப்படி, இங்கே குடியிருக்கலாமா கூடாதா என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். நான்கு பிள்ளைகளும் என்னைக் கேட்டுத்தான் வீடு கட்டினார்கள். அப்பேர்ப்பட்ட நான், போன மாதம் ஒரே ஒரு அறை விஷயத்தில் என் மருமகள் கவிதாவிடம்... தோற்றேன் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் அசந்துபோனேன்.

அறை எங்கே என்கிறீர்களா? கப்பலில்!

சென்னையில் ஏற்றி, கடலுக்குள் சுற்றிக் காட்டிவிட்டு, திரும்பச் சென்னையிலேயே இறக்கிவிடுகிற உல்லாசக் கப்பல். என்னை அதில் ஏற்றிவிட வேண்டும் என்று மூத்தவன் முருகேசனுக்கு வெகுநாள் ஆசை. செல்லம் வந்தால்தான் நானும் வருவேன் என்றேன்.

அங்கேதான் சிக்கல். செல்லத்துக்கு ரயில் ஒன்றும் செய்யாது. பஸ்தான் எமன். ஆலங்குடியில் ஏறினால் புதுக்கோட்டை வருவதற்குள் குடலே வெளியே வந்துவிடும். எலுமிச்சம்பழம், மாத்திரை எதுவும் கேட்கவில்லை. கடைசியில் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டாள். வருகிற தையில் தேவியின் மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம். அந்த நாளுக்குத் தோதாக ரயில் இல்லை, பஸ்தான். "நான் இங்கிட்டு இருந்தே வாழ்த்துறேன்" என்று சொல்லிவிட்டாள். அம்மாச்சி இல்லாமல் பேத்தி கல்யாணமா? போனில் தேவி அழுத அழுகை எனக்கல்லவா தெரியும்!

கப்பல் என்றதும் செல்லம் சிரித்தாள்.

"பஸ்ஸுக்கே இந்தக் கதி. இதுல கப்பல் வேறயா அண்ணி? கடல் மீனுக்குப் பூராம் நான்தான் சோறு போடணும்."

பிறகு என்ன நினைத்தாளோ, அவளே ஒரு பந்தயம் கட்டினாள்.

"சரி, வாரேன். கப்பல்ல கொமட்டலைன்னா கோயம்புத்தூருக்கும் வாரேன். கொமட்டுச்சுன்னா... பெறகு ஒருத்தரும் என்னைய எங்கிட்டும் கூப்புடக் கூடாது. ஆமா."

ஆக, பேத்தி கல்யாணத்துக்கு அம்மாச்சி போவதும் போகாததும் கப்பலில் ஒரு அறையின் கையில் இருந்தது.

முருகேசனுக்கு அதெல்லாம் கவலையில்லை. "உச்சியில, முன்னாடி, பால்கனி வச்ச ரூமாப் போடு கவிதா. கீழ் அடுக்குல படுத்துட்டு வந்தாகன்னா ஊருல என்ன பேசுவாக?"

"ஊரா வந்து படுக்கப் போகுது?" என்றாள் கவிதா. கம்ப்யூட்டரில் கப்பலின் படத்தை விரித்து வைத்திருந்தாள். திடீரென்று என் பக்கம் திரும்பி, செல்லத்தைக் காட்டிக் கேட்டாள். "அத்தே, அவுக பஸ்ஸுல எங்கிட்டு உக்காருவாக?"

"கடைசி சீட்டு, ஜன்னலோரம். பஸ்ஸே காலியாக் கெடந்தாலும் அங்கதான் போவா."

"ஏன்?"

செல்லமே பதில் சொன்னாள். "பெறகு? முன்னால உக்காந்து எடுத்தா, பின்னாடி இருக்குறவுக மேலயில்ல தெறிக்கும்? பாவமில்ல?"

கவிதா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கடைசி சீட்டுதான் தூக்கித் தூக்கிப் போடும். அங்க உக்காந்தா எனக்கே கொமட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்திருப்பேன்! எங்கே உட்காருகிறாய் என்று ஒரு நாள் கேட்டேனா? அடுத்தவர் சேலை கெடக் கூடாது என்று இவள் தேடிப் போன இடமே இவளைக் கெடுத்திருக்கிறது.

கவிதா பிடித்த அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நட்டநடுவில். நுனியில்தான் ஆட்டம், நடுவில் குறைவு என்றாள். மேலேயும் கீழேயும் தங்கும் அறைகள்தான். தலைக்கு மேல் ஆட்டமும் பாட்டமும் இல்லை. என் முட்டிக்கு வசதியாக லிஃப்ட் பக்கத்தில்... ஆனால் அந்தச் சத்தம் கேட்காத தூரத்தில். ஜன்னல் உண்டு, செல்லத்துக்காக. வீடு கட்டுகிற மேஸ்திரிகூட இவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை.

நான் விடுவேனா? "எல்லாம் சரி. ஜன்னல் கிழக்குப் பார்த்து இருக்கணும்."

"கப்பல்ல எல்லா ஜன்னலும் கிழக்குப் பாக்கும் அத்தே. கொஞ்சம் பொறுத்தாப் போதும்."

புரியவில்லை. புரிந்தது போலத் தலையாட்டிவைத்தேன்.

முருகேசன் பிடிவாதத்துக்கு, அவர்கள் புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் உச்சியில் பால்கனி அறை. அவர்கள் மகள் நிலாவுக்குப் பரீட்சை என்பதால் அவள் வரவில்லை.

முதல் நாள் பொழுது நல்லபடியாகப் போனது. மறுநாள் காலையில் கண் விழித்தால், ஜன்னல் நிறையச் சூரியன்! "பாத்தியா, கிழக்கு!" என்று செல்லத்தை உலுக்கினேன். கெட்டிக்காரி, கேட்டதை வாங்கிவிட்டாளே என்று மனசுக்குள் மெச்சினேன். வெளியே சொல்லவில்லை.

மத்தியானம் கடல் புரண்டது. வராந்தாவில் போகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். செல்லம் ஜன்னல் அருகே உட்கார்ந்துவிட்டாள். மடியில் பிளாஸ்டிக் கவர், கையில் எலுமிச்சம்பழம். கவிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அலையப் பாக்காதீங்க. வானமும் கடலும் ஒட்டுற கோட்டை மட்டும் பாருங்க."

செல்லம் கோட்டைப் பார்த்தாள். நான் செல்லத்தைப் பார்த்தேன். கடலா எனக்கு முக்கியம்? ஒரு தடவை எச்சிலை விழுங்கினாள்... எனக்கு உயிர் போய் வந்தது.

கதவு தட்டும் சத்தம். திறந்தால், கக்கத்தில் தலையணையோடு முருகேசன்! முகம் வெளிறிக் கிடந்தது.

"ஆத்தா... மேல ராட்டினம் மாதிரி சுத்துது. செத்த நேரம் இங்கிட்டுப் படுத்துக்கிறேன்."

செல்லம் எழுந்து போய்க் கவரையும் எலுமிச்சம்பழத்தையும் அவன் கையில் திணித்தாள். "இந்தாப்பா, எனக்குன்னு எடுத்தாந்தது. ஒனக்கு ஆகும். பால்கனி என்ன ஆச்சு?"

"அத்தே, சும்மா இருங்க..."

"சரி, சரி. அண்ணி, சோறு எப்பப் போடுவாக?"

அந்த ஒரு கேள்விக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்!

சாயங்காலம் இன்னொரு அதிசயம். அஸ்தமனச் சூரியனும் அதே ஜன்னலில் வந்து நின்றது. நான் திகைத்துப்போய்க் கவிதாவைப் பார்த்தேன்.

"கப்பல் திரும்பிருச்சு அத்தே" என்றாள். சிரிக்கவில்லை. என்னைக் கேலி செய்ய அதைவிட நல்ல சமயம் அவளுக்குக் கிடைத்திருக்காது. செய்யவில்லையே!

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் திசையைப் பார்த்து இடம் சொல்கிறவள். அவள் ஆளைப் பார்த்து இடம் சொல்கிறவள்.

திரும்பி வந்து புதுக்கோட்டையில் ரயில் இறங்கியதும், ஆட்டோ பேசப் போன முருகேசனைச் செல்லம் நிறுத்தினாள். "ஆட்டோ எதுக்கு? பஸ்ஸுலயே போவோம்."

ஆலங்குடி பஸ்ஸில் கூட்டம். "ஆத்தா, கடைசியில எடம் கெடக்கு, போங்க" என்றார் கண்டக்டர். செல்லம் நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு நடுவுலதான்யா வேணும். கப்பல்லயே நடுவுலதான் குடுத்தாக." பஸ்ஸே சிரித்தது. காலேஜ் பிள்ளை ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள்.

ஆலங்குடி வந்தது. செல்லம் நிதானமாக இறங்கி, சேலையை உதறிவிட்டுக்கொண்டாள்.

"தேவிக்குப் போனப் போடுங்க அண்ணி. கோயம்புத்தூர் பஸ்ஸுல நமக்கு நடு சீட்டா ரெண்டு சொல்லி வைக்கட்டும்."

நிலா, போதும்த்தா. எழுதினத ஒருதரம் வாசிச்சுக் காட்டு. ஒங்க அம்மாவ மெச்சுன எடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி... அவ அடுப்படியிலதான் நிக்கிறா.