அரபா அம்மாவின் பாட்டும் எண்ணெய் குடித்த மிக்ஸரும்

கொபினா எசில்ஃபிக்குக் கோபம் வருவதைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வந்தால் போதும். மேடையில் பாடுகிறவன் கட்டைவிரலை மேலே தூக்கிக் காட்டுவான். என் குரலை ஏற்று என்று அர்த்தம். கீபோர்டுக்காரனும் தூக்குவான். டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு மைக்கே வேண்டாம், அவன் அடிப்பது துறைமுகம் வரைக்கும் கேட்கும், அவனும் தூக்குவான். பேஸ் கிட்டார் வாசிக்கும் என் விரல் மட்டும் சும்மாவா இருந்தது? ஆனால் ஸ்பீக்கர் கீச்சென்று கத்திவிட்டால் எங்களில் ஒருவனுக்கும் அதில் பங்கு கிடையாது. கடைசி வரிசைக்குப் பின்னால், எல்லா மைக்கின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் மிக்ஸரோடு உட்கார்ந்திருக்கும் கொபினாவைத்தான் ஊரே திரும்பி முறைக்கும்.

எங்கள் துறைமுக ஊரான செகொண்டியில் சனிக்கிழமை தோறும் இழவு வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டிப் பிழைக்கிறவன் அவன். அங்கே காசும் வரும், சாப்பாடும் வரும், செத்தவர் எழுந்து வந்து குறை சொல்ல மாட்டார். சபையில் எல்லாம் இலவச சேவை, திட்டு உட்பட. ஒருநாள் புளித்த சோளமாவில் அவித்த கெங்கேயும் வறுத்த மீனும் தின்றுகொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏண்டா இங்க வந்து மல்லுக்கட்டுற? விட்டுட்டுப் போயேன்."

"போயிருப்பேன் ஃபீஃபி. அந்தக் கிழவி பாட்டு இருக்கே, அதுதான் விட மாட்டேங்குது."

கிழவி என்று அவன் சொன்னது அரபா அம்மாவை. சந்தையில் புகைபோட்ட மீன் விற்கிறவர், எங்கள் பெண்கள் சங்கத்தின் தலைவி, நாங்கள் எல்லோரும் பயப்படுகிற ஆள். போதகர் டாட்ஸீ பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே பெண்கள் வரிசையிலிருந்து திடீரென்று எழுந்து பாட ஆரம்பிப்பார். போதகர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான், எங்கள் ஃபான்டி இனத்தாரிடம் அதுதான் முறை. அப்போதுதான் சொன்ன வசனத்தை எடுத்து, அந்த நிமிடமே சொல் கட்டி, மெட்டுக் கட்டி ஒரு வரி விடுவார். மற்ற பெண்கள் எதிர்ப்பாட்டாக வாங்கிக்கொள்வார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாட்டு. அடுத்த வாரம் அதையே பாடச் சொன்னால் சிரிப்பார்.

இதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் கொபினாவின் பைத்தியம். யார் யாரோ கைபேசியில் பிடித்துப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவரின் கைதட்டலும் குழந்தை அழுகையும்தான் விழுந்தன. சபையின் பழைய மிக்ஸரில் பிரசங்க மேடைக்கும் பாடகர் குழுவுக்கும் வாத்தியங்களுக்கும் போக ஒரு மைக் சொருகக்கூட இடமில்லை. புதிய டிஜிட்டல் மிக்ஸர் வந்தால் பெண்கள் வரிசைக்கு மேலேயே மைக்குகளைத் தொங்கவிடலாம், ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பிடிக்கலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் மனமிரங்கிப் பணம் திரட்டியது அரபா அம்மாவின் பெண்கள் சங்கமேதான்.

மிக்ஸர் ஒரு வியாழக்கிழமை வந்தது. ஞாயிறன்று வருடாந்தர மாநாட்டு ஆராதனை, அன்றைக்கே பதிவு. கொபினாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மைக்குகளைத் தொங்கவிட்டான், ஒவ்வொன்றுக்கும் அளவு வைத்துச் சேமித்தான். அதோடு விட்டிருக்கலாம். பணம் கொடுத்தவர்களுக்குப் பவுசு காட்ட வேண்டாமா? பெண்கள் சங்கத்தை அழைத்துச் சுற்றி நிற்கவைத்தான்.

"இப்பப் பாருங்க," என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அதற்கு முன்பே ஒரு பொத்தானைத் தட்டிவிட்டிருந்தான். சத்தத்தை ஏற்றவும் இறக்கவும் விரலால் தள்ளுகிற ஃபேடர்கள் வரிசையாக, யாரும் தொடாமலே, சர்ரென்று மேலே ஏறி அததன் இடத்தில் போய் நின்றன.

பெண்கள் நான்கடி பின்வாங்கினார்கள். அரபா அம்மா மட்டும் நகரவில்லை.

"யாருடா தள்ளுறது?"

"யாரும் இல்லம்மா. உள்ள சின்ன மோட்டார் இருக்கு. நான் சேமிச்சு வச்ச அளவை அதுவே..."

"கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிற, அது பாட்டுக்கு நடக்குது. இது எங்கெங்க சுத்தி யார் யார் கைபட்டு வந்துச்சோ. ஜெபம் பண்ணாம, எண்ணெய் ஊத்தாம இதுக்குள்ள என் குரல் போகாது."

எங்கள் சபையில் புது வண்டி, புதுக் கடை, பிறந்த பிள்ளை, எதுவானாலும் அபிஷேக எண்ணெய் உண்டு. வண்டிக்கு ஊற்றினால் கழுவிக்கொள்ளலாம். இதற்கு? கொபினா நேராகப் போதகரிடம் ஓடினான். நானும் கூடப் போனேன்.

"ஐயா, மேல இருக்கற ஒவ்வொரு பள்ளமும் உள்ள போற வழி. ஒரு சொட்டு இறங்கினாலும் போச்சு."

"நான் பாத்துக்கறேன் தம்பி. விரல் நுனியில தொட்டு ஓரத்துல தடவறேன். போதுமா?"

"தடவுங்க ஐயா. அம்மா கையில மட்டும் குப்பியைக் குடுத்துடாதீங்க."

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குக் கூட்டம் கூடியது. கொபினாவுக்கு இன்னொரு ஆசை, விளக்குகள் எரிந்தால்தான் பார்க்க அழகாக இருக்குமாம். மிக்ஸரை அணைக்காமல் விட்டிருந்தான். எனக்கு இப்போது நினைத்தாலும் அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. போதகர் கண்களை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தபடி விரலில் எண்ணெயைத் தொட்டு ஓரத்தில் தடவினார். கண் மூடிய விரலுக்கு ஓரம் எது, பொத்தான் எது? கொபினா முந்தின நாள் தட்டிக் காட்டிய அந்தப் பொத்தானிலேயே போய் அழுத்தினார். ஃபேடர்கள் அத்தனையும் சர்ரென்று எழுந்து நின்றன.

"பாத்தீங்களா, எதிர்க்குது," என்றார் அரபா அம்மா. போதகரின் கையிலிருந்த குப்பி அவர் கைக்கு எப்படிப் போனது என்று யாரும் பார்க்கவில்லை. மூலைக்கு மூலை, வரிசைக்கு வரிசை, ஆலிவ் எண்ணெய் மொத்தமும் இறங்கியது. கூட்டம் ஆமென் என்றது. கொபினா "அம்மா, அம்மா" என்று கத்தியதையும் ஜெபத்தோடு சேர்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை கிடைத்த இழவு வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டுப் பகல் முழுக்கத் துடைத்தான். ஸ்பிரிட், பஞ்சு, பல் துலக்கும் பிரஷ். பாதி சேனல் செத்துவிட்டது. உயிரோடு இருந்தவை தாமாகவே உச்சத்துக்கு ஏறி அலறின. தொங்கவிட்ட மைக் ஒன்றிலிருந்தும் குரல் வரவில்லை.

"ஊர்ல எவனுக்கும் இப்படி நடக்காது ஃபீஃபி. மழையில நனைஞ்சுதுன்னு சொல்லலாம், மின்னல் அடிச்சுதுன்னு சொல்லலாம். ஜெபம் பண்ணிக் கொன்னாங்கன்னு எவன்கிட்டடா சொல்ல?"

சிரிப்பு வந்தது எனக்கு. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

போதகர் வந்து பார்த்தார். பிறகு, "நாளைக்கு மட்டும் வெளிய தெரிய வேண்டாம் தம்பி. பொம்பளைங்க வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேத்தது. மாநாடு முடியட்டும், நானே சொல்றேன்," என்றார். அதனால் பழைய மிக்ஸர் மேசைக்கு அடியில் துணி மூடி உட்கார்ந்தது, வேலையெல்லாம் அது பார்த்தது. புதியது மேலே திரை மினுங்க, மின்சாரக் கம்பியைத் தவிர வேறெதுவும் இணைக்காமல் கொலுவிருந்தது. தன் பாட்டு பதிவாகிறது என்றுதான் அரபா அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று போதகர் பிரசங்கத்தின் பாதியைத் தாண்டவில்லை, அரபா அம்மா எழுந்துவிட்டார். எத்தனையோ தடவை அவர் பாடக் கேட்டிருக்கிறேன், அன்றைக்கு மாதிரி ஒருபோதும் இல்லை. மைக் இல்லாமலே கூரை அதிர்ந்தது. பெண்கள் எழுந்து வெள்ளைக் கைக்குட்டைகளைச் சுழற்றினார்கள். கிட்டாரில் என் விரல்கள் தாமாகவே அவர் பாட்டின் பின்னால் போய்க்கொண்டிருந்தன. போதகர் உட்கார்ந்தேவிட்டார். பாட்டு முடிந்ததும் யாரோ ஒரு பெண், "எண்ணெய் ஊத்தினதும் சத்தம் எவ்வளவு தெளிவா இருக்கு பாத்தியா," என்று சொன்னது என் காதில் விழுந்தது.

ஆராதனை முடிந்தது. அரபா அம்மா முந்தித் துணியால் வியர்வையைத் துடைத்தபடி நேராகக் கொபினாவிடம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க, போட்டுக் காட்டு."

கொபினா கீழே கிடந்த கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"பாடுறப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுடா. எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குங்குறீங்க. எம் பாட்டை நான் ஒருநாளும் கேட்டதில்ல. அதுக்குத்தானே வீடு வீடா ஏறிக் காசு வாங்கினேன். போடு."

"இல்லம்மா," என்றான்.

"என்ன இல்ல?"

அவன் குனிந்து மேசைக்கு அடியில் இருந்த துணியை விலக்கினான். அவர் பழைய மிக்ஸரைப் பார்த்தார், மேலே விளக்கு எரிகிற புதியதைப் பார்த்தார். அதன் ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்து, விரலை முகர்ந்தார்.

"எண்ணெயா?"

"ஆமாம்மா."

அரபா அம்மா அந்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "சரி, உன் போனையாவது எடு. இங்கயே பாடறேன்," என்றார். கொபினா அவசரமாகக் கைபேசியை நீட்டினான். அவர் கண்களை மூடி முதல் வரியை எடுத்தார். அது வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முதல் வரி, மறுபடி நின்றது.

"அப்புறம் என்னடா? நீதானே இங்க உக்காந்து கேட்ட. அடுத்த வரி என்ன?"

கொபினா என்னைப் பார்த்தான். எனக்கு என் கிட்டார் வாசிப்பைத் தவிர ஒன்றும் நினைவில்லை. அவனுக்கு அதுவும் இல்லை. அத்தனை நேரமும் அந்தச் செத்த மிக்ஸரையே முறைத்துக்கொண்டு, உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தான். பாட்டை அவன் கேட்கவே இல்லை.