உயிலுக்கு வக்கீல் பார்த்தோம்

பெண் பார்க்கப் போன நாளில்கூட எனக்கு அப்படியொரு பரபரப்பு இருந்ததில்லை. உயில் எழுத ஆள் பார்க்கக் கிளம்பிய காலையில் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டேன். பத்திரிகைகளுக்கு நான் அனுப்பிய ஹாஸ்யக் கட்டுரைகளை ஆசிரியர்களே முழுசாகப் படித்ததாகத் தெரியவில்லை. உயிலையாவது சொந்தக்காரர்கள் வரி விடாமல் படிப்பார்கள் அல்லவா?

அவசரத்துக்குக் காரணம் என் தம்பி. எனக்குப் பிள்ளைகள் இல்லை, பெற்றோரும் போய்விட்டார்கள். எங்களைப் போன்ற கிறிஸ்தவன் உயில் எழுதாமல் கண்ணை மூடினால் சொத்தில் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி உடன்பிறந்தவனுக்கு. சொத்து என்பது, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் தரம் பிரித்து நான் கட்டிய வீடுதான். கிறிஸ்துமஸுக்கு வந்த தம்பி கூடத்தின் நடுவில் நின்று, "இங்க ஒரு சொவர எழுப்பிட்டா ரெண்டு வூடு ஆய்டும் அண்ணே" என்றான். நான் இன்னும் பிரியாணியை முடிக்கவில்லை.

அவன் போனதும் மனைவி கேட்டாள்: "சொவத்துக்கு எந்தப் பக்கம் நான் இருக்கணும்னு உங்க தம்பி சொன்னாரா?"

வீடு முழுவதும் அவளுக்கே என்று எழுதிவிடுவதாக அன்றே முடிவாயிற்று.

முதலில் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். ஆம்பூரில் பாதி வீடுகள் அவர் கையெழுத்தில்தான் கை மாறின. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசகத்தைச் சொல்ல ஆரம்பித்தார்: "சுயபுத்தியுடனும் பூரண ஞாபகத்துடனும்..." என் ஜென்மத்தில் என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. "அநித்தியமான இந்தச் சரீரம்" என்று வந்தபோது, போனவர் யாரோ ரொம்ப நல்ல மனிதர் போலிருக்கிறது என்று எனக்கே துக்கமாகிவிட்டது.

"சாட்சிக்கு அம்மாவையே போட்டுடலாம் சார்" என்றார். "பாத்தியப்பட்டவங்க கையெழுத்து உள்ளயே இருந்தா நாளைக்கு ஒருத்தன் வாயத் தொறக்க முடியுமா?"

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். நிலம் விற்றால் மகனைச் சாட்சி போடச் சொல்வோம். பிற்பாடு அவன் தகராறு பண்ண முடியாது. எனக்குப் பூரண திருப்தி. அங்கேயே எழுதச் சொல்லியிருப்பேன். மனைவிதான் கையைப் பிடித்தாள்.

"இன்னாங்க, ஒரு ஆட்டுத்தோல நாலு தடவ திருப்பிப் பாத்து வாங்குற ஆளு நீங்க. இத மட்டும் ஒரே பார்வையில வாங்கிடுவீங்களா?"

அடுத்த நாள் வேலூருக்கு ரயில் ஏறினோம்.

அங்கே பார்த்த வக்கீலிடம் வாசகமே இல்லை. ஒல்லியான மனிதர், ஓயாமல் கேள்வி மட்டும் கேட்டார். வீடு யார் பேரில்? கூட்டுச் சொத்தா? உங்களுக்கு முன்னால் இந்த அம்மா போய்விட்டால் யாருக்கு? மனைவி பக்கத்தில் இருக்க இப்படிக் கேட்கிறாரே என்று எனக்குச் சங்கடம். அவளோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சாட்சி யாரு?"

"இவதான்" என்றேன், பத்திரக்காரரின் கெட்டிக்காரத்தனத்தை என்னுடையதாக்கிக்கொண்டு.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "சார், கிரயப் பத்திரம் வேற, உயில் வேற. உங்க சட்டப்படி, வாங்குறவங்களே சாட்சி போட்டா உயில் நிக்கும். ஆனா அவங்களுக்கு எழுதினது செல்லாது. மறுபடி பாதி தம்பிக்குத்தான்."

எனக்கு வியர்த்தது. கூடவே, மாட்டுவண்டி உரசிக்கொண்டு போன பிறகு வருமே, அந்த மாதிரி ஒரு குதூகலமும் வந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் என் மனைவி தன் கையெழுத்தாலேயே கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பியிருப்பாள்! இவர்தான் நம் வக்கீல் என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன்.

"அப்ப யாரு சாட்சி போடலாம்?" என்று கேட்டாள்.

"இதுல எதுவும் கெடைக்காத யாரா இருந்தாலும் சரிம்மா. ரெண்டு பேர் வேணும்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. "இவரு தம்பிக்கு ஒண்ணுமே கெடைக்காதுங்களே!"

வக்கீல் முதன்முறையாகச் சிரித்தார். "பேஷாப் போடலாம்."

கையெழுத்துப் போடும் நாளில் தம்பி வக்கீல் ஆபீஸுக்குச் சரிகைத் தலைப்பாகையோடு வந்தான். தன் பங்கைப் பற்றித்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்துவிட்டான். வக்கீல் நிதானமாகப் படித்துக் காட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பின்பக்கத்துக் காலி எடமாவது..." என்றான் தம்பி.

"அதுவும் எனக்குத்தான் தம்பி" என்றாள்.

"நான் கையெழுத்துப் போடலன்னா அண்ணி?"

"வக்கீல் குமாஸ்தா போடுவாரு. ஆனா கூடப் பொறந்தவரு நீங்க இருக்கும்போது யாரோ போட்டாருன்னு சபையில பேசுவாங்களே. உங்களுக்குத்தான கொறச்சல்?"

தம்பி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தான். பேனாவை வாங்கினான். நான் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, தன் பெயரை, இனிஷியலோடு, கொஞ்சம் பெரிதாகவே எழுதினான். குமாஸ்தா அதற்குக் கீழே போட்டார்.

மை காயும்வரை என் மனைவி அந்தக் காகிதத்தை விசிறிக்கொண்டே இருந்தாள்.