சந்திரமதி கழுவிய சட்டி

சந்திரமதிக்கு வயது நாற்பத்தாறு. இத்தாலியில், பலெர்மோ பல்கலைக்கழகத்தில் தொல்லியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நம்முடைய சனத்தில் கொஞ்சநஞ்சப் பேரில்லை. உதைப் படித்து மண்ணைக் கிண்டப் போகிறாயோ என்று கோயில் வாசலில் வைத்தே கேட்டார்கள். மண்ணைக் கிண்டத்தான் என்று சொல்லிவிட்டு அவள் பேருந்தைப் பிடிக்கப் போய்விடுவாள். வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டு நிற்கிற ஆள் அவள் இல்லை. நிற்க நேரமும் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம். வந்த நாளிலிருந்து வீட்டுவேலை. மகள் துசானி படித்து முடித்து மிலானோவில் வேலைக்குப் போன பிறகு, சமையல் மேசையில் ஓர் இடம் காலியானது. அந்த இடத்தில் இவள் புத்தகத்தை விரித்தாள். கணவர் விக்னராஜா தடுக்கவில்லை. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகத்தில் அவருக்கு இரண்டு நேர வேலை. இடையில் வீட்டுக்கு வந்தால், மனைவி எழுத்துக்கூட்டிப் படிக்கிற அரசர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே ஒரு குட்டித் தூக்கம் போடுவார்.

இனி மிச்சம் இருந்தது பத்து நாள் பயிற்சி. நகரத்தின் ஓரத்துச் சியாகுல்லியில் மந்தரீன் தோடம்பழத் தோட்டமொன்றின் நடுவே பழைய வீடு ஒன்றைத் தோண்டியிருந்தார்கள். இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய வீடு. கிடைத்ததெல்லாம் சமையலறைச் சாமான். அவற்றைக் கழுவி, காயவைத்து, இலக்கமிட்டுப் பெட்டியில் அடுக்குவதுதான் மாணவர்களின் வேலை. பொறுப்பாக இருந்த ஆய்வாளர் கையெழுத்துப் போட்டால்தான் இந்த வருடம் கடைசிப் பரீட்சை. ஏற்கெனவே வேலைநேரம் ஒத்துவராமல் ஒரு வருடத்தைக் கோட்டைவிட்டவள் அவள். இன்னொரு வருடம் போனால் திரும்பப் புத்தகத்தைத் தொடமாட்டாள் என்பது அவளுக்கே தெரியும்.

முதல் நாள் காலை, வேலைக்குப் போகிற சிஞ்ஞோரா அம்மா வீட்டில் தரை துடைத்து முடிக்க ஒன்பது மணி. பிரான்காச்சோப் பகுதியைத் தாண்டிப் பேருந்து ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது பத்தரை. மற்றவர்கள் வேலையில் இறங்கிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு முன்னால் இருந்த தட்டை இழுத்து உட்கார்ந்தாள். தட்டில் ஒரு சட்டியின் அடித்துண்டுகள் ஐந்து. உள்ளே கரி அப்பிக் கிடந்தது.

கரிச்சட்டியைக் கண்டால் சந்திரமதியின் கை சும்மா இருக்காது. அது அவளுடைய பிழை என்று நான் சொல்லமாட்டேன். கறை இருந்ததென்று அவள் வேலை செய்த எந்த வீட்டிலும் ஒருவரும் குறை சொன்னதில்லை. பிரஷ்ஷை எடுத்தாள், ஊறவிட்டாள், தேய்த்தாள். கரி லேசில் விடவில்லை. அவளும் விடவில்லை. ஒரு மணித்தியாலத்தில் ஐந்து துண்டும் பளிச்சென்று இருந்தன. காயவைக்கும் வலையில் அடுக்கிவிட்டு, பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தாள்.

மத்தியானம் ரொசாலியா என்கிற சக மாணவி கரி பிடித்த துண்டுகளைத் தேடிக்கொண்டு வந்தாள். வலையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. காலை எட்டரைக்கே ஆய்வாளர் சொல்லியிருந்தாராம்: உள்ளே கரி உள்ளதில் தண்ணீரே படக்கூடாது. அந்தக் கரிதான் ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டியது. அந்த வீட்டுக்காரர் என்ன சமைத்துச் சாப்பிட்டார்கள் என்பதைச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

ரொசாலியா நல்ல பிள்ளை. ஆறு பேர் கழுவியதும் ஒரே வலையில் கிடக்கிறது, யார் கழுவியதென்று எங்கும் எழுதவில்லை, வாயை மூடிக்கொண்டிரு என்று சந்திரமதியின் காதுக்குள் சொன்னாள். அது உண்மைதான். கண்ணில் எண்ணெய் விட்டுத் தேடினாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. சந்திரமதி அரைமணித்தியாலம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு பார்த்தாள், மற்ற ஐந்து பேரும் பிள்ளைகள், மகளை விடச் சின்னவர்கள். சந்தேகம் எல்லாருடைய தலையிலும் விழும். எழுந்து போய் ஆய்வாளரிடம், நான்தான் கழுவினேன் என்று சொன்னாள்.

ஆய்வாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் மிச்சமில்லை. கழுவுமுன் எப்படி இருந்தது என்று கேட்டார். அது சந்திரமதிக்கு அச்சொட்டாக ஞாபகம் இருந்தது. கரி ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. சட்டி அடுப்பில் சரிந்து இருந்திருக்கிறது. இறைச்சிக் கொழுப்பு வழுக்கும், இது வழுக்கவில்லை. கஞ்சி அடிப்பிடித்தால் வருகிற மாதிரி, உமியோடு படை படையாக வந்தது. ஆய்வாளர் குனிந்து குறித்துக்கொண்டார். பிறகு, இதை ஆதாரமாக எடுக்க முடியாது, நீங்கள் சொன்னதாக மட்டும்தான் எழுதலாம் என்றார்.

ஒரு தாளைத் தள்ளி, நடந்ததை எழுதி முழுப்பெயரும் போடச் சொன்னார். சந்திரமதி பேனாவைத் தொடவில்லை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் வரிசை நின்றவர்களுக்குத் தெரியும், பிழையோடு பெயர் ஏறிய தாள் எப்படிப்பட்டதென்று. ஆய்வாளருக்கு அவள் முகம் விளங்கியிருக்க வேண்டும்.

"இது தண்டனை இல்லை. ஐம்பது வருடம் கழித்து இந்தப் பெட்டியைத் திறக்கிறவருக்கு, இந்தச் சட்டி ஏன் சுத்தமாக இருக்கிறதென்று தெரியவேண்டும்."

அன்றைய நாள் கணக்கில் சேராது, பதிலுக்குச் சனிக்கிழமை வரவேண்டும் என்றும் சொன்னார். அவ்வளவுதான். கையெழுத்துக்குப் பங்கம் வரவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து விக்னராஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டி போனதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. தாளைப் பற்றித்தான் பயந்தார்.

"முழுப்பேரையும் எழுதிக் குடுத்திட்டீரோ?"

"ஓம். பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டினவை."

"பேசாமல் இருந்திருக்கலாமெல்லே."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதைச் சொல்லத்தான் இன்னும் வெட்கமாக இருந்தது.

"இருபத்திரண்டு வருசமாய் இந்த ஊரிலை சட்டி கழுவிறன்," என்றாள். "கழுவினது ஆரெண்டு இண்டைக்குத்தான் எழுதி வைச்சிருக்கினம்."