இறைக்க இறைக்க

பக்கத்து வீட்டில் கிணறு இறைக்கிறார்கள். மண்ணெண்ணெய் வாசத்தோடு எஞ்சின் சத்தம் சன்னலால் வரும்போதே என் வாய் கரிக்கிறது.

கடல் ஊருக்குள் ஏறிய வருடம், இலங்கைத்துறையில் எங்கள் வீட்டில் மிஞ்சியது கிணறு மட்டும்தான். அதற்குள்ளும் கடல் இறங்கியிருந்தது. மிஷன் தொண்டர்கள் எஞ்சினோடு வந்தார்கள். அவர்களுடைய பிரதர் மண்டியிட்டு ஜெபித்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கிச் சேறு அள்ளினார். நல்ல தண்ணீர் வரும்வரை தனக்கு உபவாசம் என்றார்.

வற்ற இறைப்பார்கள். ஊறியதும் அம்மா ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் உப்பு கூடியது. இறைக்க இறைக்க அடியிலிருந்து கடல்தான் ஊறுகிறது என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை.

கடைசியில் பிரதருக்குக் கிணற்றுக்கட்டைப் பிடிக்காமல் நிற்க ஏலவில்லை. உதடு வெடித்திருந்தது.

"இப்ப எப்பிடி அக்கா?"

அம்மா முகம் சுளிக்காமல் விழுங்கினார். "நல்லா இருக்கு பிரதர். நீங்கள் இனிச் சாப்பிடுங்கோ."

அவர் கண் கலங்கி ஸ்தோத்திரம் சொன்னார். கஞ்சி குடித்தார். பிறகு எஞ்சினை மலர் மாமி வளவுக்குத் தூக்கச் சொன்னார். ஊரில் ஓரளவாவது குடிக்கக்கூடிய தண்ணீர் அந்த வளவுக் கிணற்றில்தான் இருந்தது.

அம்மா பின்னால் ஓடினார். "அதை இறைக்க வேண்டாம் பிரதர்."

"ஏன் அக்கா? உங்கட கிணறு சரிவந்ததுதானே?"

அம்மா அவருடைய வெடித்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சின் ஓடத் தொடங்கியது.

இங்கே பக்கத்து வீட்டு எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா கதிரையை விட்டு மெல்ல எழும்பிப் போய்ச் சன்னலைச் சாத்துகிறார்.